வீட்டு மொழி என்ற கேள்வி

இதை எழுதுவதற்கு எனக்குத் தகுதி இல்லை. ஊரில் சாதாரண தரப் பரீட்சைவரை படித்தவன். ஒஸ்லோவில் இருபது வருடமாக ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை. அங்கே ஒருவரும் என்னிடம் அபிப்பிராயம் கேட்பதில்லை. எனக்கும் அது வசதி. பள்ளிக்கூடங்களைப் பற்றி எழுதப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் ஒஸ்லோவின் அம்மருட்டில் ஒரு அடுக்குமாடியின் ஏழாம் மாடியில் இருக்கிறோம். மகள் எட்டாம் வகுப்புக்குப் புதிய பள்ளிக்கூடம் போகவேண்டி வந்தபோது பதிவுப் படிவத்தில் வீட்டு மொழி எது என்று ஒரு கேள்வி இருந்தது. தமிழ் என்று எழுதினால், பிள்ளையை நோர்வேஜிய மொழி தெரியாதவர்களோடு தனியாக இருத்திவிடுவார்கள் என்ற பயம் எங்களுடைய ஆட்களிடம் உண்டு. ஸ்டோவ்னரில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடியும்வரை வாசலில் நிற்கும்போது இதையெல்லாம் கதைத்துக்கொள்வோம்.

"நோர்வேஜியன் எண்டு போடும் ஐசே. எல்லாரும் அப்பிடித்தான் போடுறவை," என்றார் அங்கே வருகிற ஒரு அண்ணை. "ஆர் வீட்டுக்கு வந்து பாக்கப்போறான்?"

போட்டேன். உள்ளே மகள் தமிழ்ச் செய்யுள் பாடமாக்கிக்கொண்டிருந்தாள்.

ஓகஸ்டில் பள்ளிக்கூடம் தொடங்கியது. மூன்று வகுப்புகள். மகள் இருந்த வகுப்பில் மற்ற எல்லோரும் நோர்வேஜியப் பிள்ளைகள். வெளிநாட்டு வீட்டுப் பிள்ளைகள் மற்ற இரண்டிலும். ஐந்தாம் மாடியில் இருக்கும் பாகிஸ்தான் பிள்ளையும் மகளும் முதலாம் வகுப்பிலிருந்து பக்கத்துப் பக்கத்தில் இருந்து படித்தவர்கள். இப்போது ஒன்றாகப் போய்ப் பள்ளி வாசலில் பிரிந்தார்கள். செப்டம்பரில் ஒன்றாகப் போவதும் நின்றது.

அது நின்ற அன்று மகள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்தாள்.

"ஐஞ்சாம் மாடிக்காரி 'உன்ர ஆக்களோட போ' எண்டு சொல்லிப்போட்டாள், அப்பா. என்னை ஏன் அந்த வகுப்பில போட்டவை?"

"நல்ல வகுப்புத்தானே பிள்ளை," என்றேன்.

"அமெரிக்காவில கறுப்புப் பிள்ளையளுக்கு வேற பள்ளிக்கூடம் இருந்ததெண்டு போன கிழமை படிச்சம். அதெல்லாம் முடிஞ்ச கதையாம், டீச்சர் சொன்னவா. வகுப்பில நான் ஒராள்தான் கறுப்பு. எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தினம்."

படிவத்தில் எழுதியதைச் சொன்னேன்.

"நான் தமிழில கதைக்கேல்லை எண்டு ஏசுறனீங்கள். படிவத்தில நோர்வேஜியன் வீடோ?"

மனைவி சோறு வடித்துக்கொண்டே சிரித்தாள். "பல் டொக்டர் இவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேணுமோ எண்டு கேட்டவர். நோர்வேஜியன் வீட்டுக்காரர்!"

திங்கட்கிழமை மூன்று வகுப்புகளுக்கும் சேர்த்துப் பெற்றோர் கூட்டம். அதில் எழும்பி உண்மையைச் சொல்ல வேண்டும் என்றாள் மகள்.

"கடிதம் எழுதட்டோ?"

"வேண்டாம். அவளின்ர அம்மாவும் வருவா. அவவுக்குக் கேக்கச் சொல்லுங்கோ. நான் கேட்டு அங்கை போகேல்லை எண்டு அவளுக்குத் தெரியவேணும்."

அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். "விசர் வேலை பாக்காதையும். பிறகு என்ர மகன்ர படிவத்தையும் கிளறுவாங்கள்," என்றார்.

கூட்டத்தில் கோப்பி நன்றாக இருந்தது. நோர்வேஜியப் பிள்ளைகளை மூன்று வகுப்புகளிலும் பிரித்துப் போட்டால், அவர்களுடைய பெற்றோர் ஒஸ்லோவுக்கு வெளியே லில்லெஸ்ட்ரோம் பக்கம் வீடு மாறிவிடுகிறார்கள் என்று அதிபர் விளக்கினார். ஒன்றாக வைத்தால் இருக்கிறார்கள். ஆகவே வீட்டு மொழியைப் பார்த்துப் பிரித்ததாகச் சொன்னார். பள்ளிக்கூடம் கலப்பாக இருக்க அதுதான் வழியாம். ஏதாவது கேள்வி உண்டா என்றார்.

கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். ரயிலில் பாடமாக்கியதை நோர்வேஜிய மொழியில் சொன்னேன். "எங்கள் வீட்டு மொழி தமிழ். நான் படிவத்தில் பொய் எழுதினேன். மகளுக்கு அது தெரியாது. அவளுக்கு அந்த வகுப்பு வேண்டாம். இப்படி ஒரு வகுப்பு யாருக்கும் வேண்டாம்." கடைசி வசனம் மகள் எழுதித் தந்தது.

அதிபர் நன்றி சொல்லி ஏதோ குறித்துக்கொண்டார். ஐந்தாம் மாடிப் பிள்ளையின் தாய் முன் வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். வேறு யாரும் எழும்பவில்லை.

மறுநாள் மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து தகவல் வந்தது. மகளைத் தோழியின் வகுப்புக்கு மாற்றியிருந்தார்கள். அவள் விட்டுவந்த வகுப்பில் இப்போது நோர்வேஜியப் பிள்ளைகள் மட்டும். வகுப்புகளைப் பிரித்த முறையில் மாற்றமில்லை.