மேல் டிவிஷன் ஏற்றமும் புதுக் கிளச்சும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷன் லயத்து வீடுகளின் பிள்ளைகளை டயகமவில் உள்ள பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போய்க் கொண்டுவருவது என் ஜீப்தான். ஓட்டுவதும் நான்தான். ஜீப்புக்கு என்னைவிட வயது கூட. கிளச் தேய்ந்துபோய், பள்ளி விட்டுத் திரும்பும்போது கோயில் வளைவு ஏற்றத்தில் எஞ்சின் கத்துமே தவிர வண்டி நகராது. பிள்ளைகள் இறங்கி மழையில் நடந்தார்கள். தாய்மார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டார்கள்: "திங்கக்கெழமையும் எறக்கிவிட்டீங்கன்னா நாங்க வேனுக்கு மாறிருவோம். கோவிச்சுக்காதீங்க."

கோபம் வரத்தான் செய்தது. ஆனால் நியாயம் அவர்கள் பக்கம். இந்த ஓட்டம் போனால் நான் மறுபடி மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகவேண்டியதுதான்.

ஹட்டனில் கராஜ்காரர் இரண்டு வாரம் ஆகும் என்றார். அதோடு விட்டாரா? "பொம்பளைங்க கிளச்சுல கால வச்சுக்கிட்டேதானே ஓட்டுவீங்க" என்று ஒரு சிரிப்பு வேறு. புதுக் கிளச் பிளேட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை லயத்து வாசலிலேயே வேலையை ஆரம்பித்தோம். என் வீட்டுக்காரர் தேயிலை பெக்டரியில் மெஷின் பார்ப்பவர், கழற்றுவதில் கெட்டிக்காரர். கொழுந்துச் சாக்குகளை மெத்தைபோல் அடுக்கி, கிளச்சை எட்டுவதற்காகக் கியர் பொக்ஸைக் கழற்றி அதன்மேல் இறக்கினோம். பழைய பிளேட் அப்பளமாகத் தேய்ந்திருந்தது.

ஞாயிறு காலை நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள், மனிதர் எண்ணெயில் குழைத்த குங்குமத்தால் புதுப் பிளேட்டுக்குப் பொட்டு வைத்துச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார். எண்ணெய் பட்ட கிளச் பிடிக்காது, வழுக்கும். ஓடிப்போய்ப் பிளேட்டைக் கையில் எடுத்தேன்.

"என்னங்க செஞ்சு வச்சிருக்கீங்க?"

"புதுச் சாமானு. சாமிக்கு வச்சுட்டுத்தானே மாட்டணும்?"

"சாமிய நல்லா கும்பிடுங்க. பிளேட்டுல எதுக்குங்க எண்ணெய்?"

நல்லவேளை, பொட்டு ஓரத்தில்தான் இருந்தது. பெட்ரோலால் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, முகர்ந்து பார்த்து, பிறகும் நம்பாமல் இன்னொரு தடவை துடைத்தேன். பிளேட்டைச் சரியாக நடுவில் நிறுத்த ஓர் அச்சு வேண்டியிருந்தது. கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைச் செடியின் மிலாறுக் குச்சி ஒன்றை அவர் எடுத்து, அளவு பார்த்துப் பார்த்துச் சீவிக் கொடுத்துப் பாவத்தைப் போக்கிக்கொண்டார். அந்தக் கட்டை பிளேட்டை நடுவில் பிடித்துக்கொடுக்க, முரண்டு பிடித்த கியர் பொக்ஸ் இருட்டுவதற்குள் போய் உட்கார்ந்தது.

திங்கட்கிழமை பள்ளி விட்டு வரும்போது கோயில் வளைவு. பழக்க தோஷம், பிள்ளைகள் புத்தகப்பையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

"ஒக்காருங்க. யாரும் எறங்க வேணாம்" என்றேன்.

மேலே தாய்மார் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேன்காரரும் ஓட்டம் பேசிவைக்க வந்திருந்தார். ஏற்றத்தின் நட்டநடுவில் பிரேக்கைப் போட்டு வண்டியை நிறுத்தினேன். நிறுத்தத் தேவையே இல்லை, ஆசைதான். பிறகு முதல் கியரில் போட்டுக் கிளச்சை மெதுவாக விட்டேன். இத்தனை பிள்ளைகளையும் சுமந்துகொண்டு ஜீப் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் ஏறியது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வேன்காரரைப் பார்க்காமலேயே ஒரு தாய் கேட்டாள். "நாளைக்குக் காலையில புள்ளைங்கள எத்தன மணிக்கு அனுப்பணும்?"

"எப்பவும்போலத்தாங்க."