ராணியக்காவும் நாலாவது மைனாவும்

ராணியக்கா போய்விட்டார். ஏழாயிரம்பண்ணை பக்கம் நேற்றுக் காலை நடந்த பட்டாசு விபத்தில்... செய்தியில் பெயரைப் பார்க்கும்வரை நான் நம்பவில்லை.

மைனாக்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று நான் ஆராய்ச்சி செய்வது இங்கே பலருக்குத் தெரியும். மைனாவின் முதுகில் பை மாதிரி ஒரு குட்டி மைக், பொட்டுக்கடலை அளவுக்கு ஒரு பேட்டரி. திரும்பப் பிடித்தால்தான் ரெக்கார்டிங் கையில் கிடைக்கும்.

பட்டாசுக் கம்பெனி வேலிக்கு வெளியே வலை கட்டுவேன். உள்ளே வேலை பார்த்த அக்கா, லீவு நாளில் வந்து கம்பு தூவிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். நான் கொஞ்சம் நெளிந்தாலும் திட்டு விழும்.

ஒருநாள் அக்கா காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். ஜோடி மைனாக்கள் கூட்டுக்குள் முணுமுணுக்கிற சத்தம், வெளியே யாருக்குமே கேட்காது.

“கத்துறதெல்லாம் ஊருக்குத் தம்பி. இது அதுக ரெண்டுக்கும் மட்டும்” என்றார்.

அதை அப்படியே என் கட்டுரையில் எழுதிக்கொண்டேன். அவர் பெயரைப் போடவில்லை.

போன மாதம், கம்பெனி வேனில் ஏறப் போன அக்கா திரும்பி வந்தார். முகமே சரியில்லை.

“சேலையில ஊக்கு இருந்தாலே உரசித் தீப்பொறி வரும்னு போர்மேன் வைவாரு. செல்போன கேட்லயே வாங்கி வச்சிக்கிடுதாக. உங்க மைனா பேட்டரியோட மருந்து ரூமுக்குள்ள வந்து பல்லி பிடிக்குது தம்பி. எனக்கு வெடவெடன்னு வருது.”

இத்தனூண்டு பேட்டரி என்ன செய்யும் என்று சிரித்தேன். ஆமாம்... சிரித்தேன்.

“எல்லாத்தையும் கழட்டிருங்க. அம்புட்டுதான்.”

கட்டியது நாலு. அக்காவும் நானுமாக மூன்றைப் பிடித்துக் கழற்றினோம். நாலாவது சிக்கவே இல்லை.

கம்பெனியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பக்கமே வரவிட மாட்டார்கள் என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

வெடிமருந்து உராய்ந்து வெடித்தது என்கிறார்கள். இன்னும் விசாரணை நடக்கிறது. உராய்வாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், அப்படி வேண்டுவதே அசிங்கமாக இருக்கிறது.

இன்று காலை வேலிப் பக்கம் போனேன். ஒரு மைனாகூட இல்லை... கருகிய வாடை மட்டும்.

அடக்கத்தின்போது அக்காவின் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அந்தக் கடைசி மைனாவப் பிடிச்சிட்டீகளா தம்பி? அவ தெனமும் அதத்தான் கேட்டுக்கிட்டுக் கெடந்தா.”

பிடித்துவிட்டேன் என்று சொன்னேன்.

பிடிக்கவில்லை அண்ணே. நேரில் சொல்ல வாய் வராமல் இங்கே எழுதுகிறேன். விசாரணைக்கு வந்த அதிகாரியிடமும் நாளைக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன்.

மன்னிச்சிருங்கக்கா.