மாசி மகத்துக்குப் பிறகு வைத்த கஞ்சி

கடலில் குளிப்பவர்களுக்கு அந்தத் தண்ணீரில் உள்ள பாக்டீரியாக்களால் என்னென்ன நோய் வருகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. சொல்லும்போது பெரிய விஷயமாகத் தெரியும். நடைமுறையில், சுடிதாரை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு அலையில் இறங்கி, பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் வைத்து, டவுன் பஸ்ஸில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோகும் வேலை. வீராம்பட்டினத்தில் ஏறினால் கண்டக்டர் பெட்டியைப் பார்த்ததும், "மீனெல்லாம் பின்னாடி வைம்மா" என்பார். மீன் இல்லை என்றால் திறந்து காட்டச் சொல்வார். ஐஸ் உருகுமே என்ற பயத்தில், மீன்தான் என்று ஒப்புக்கொண்டு பின்னால் போய் நிற்கப் பழகிவிட்டேன்.

தண்ணீரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மலக்கழிவிலிருந்து வரும் பாக்டீரியாக்கள் ஆய்வகத்துத் தட்டுகளில் தாராளமாக வளர்ந்தன. வாய் திறக்காதவர்கள் மனிதர்கள்தான்.

ஆய்வின் உயிர்நாடியே மாசி மகம். அன்றைக்கு ஊர் ஊராகச் சாமிகள் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும். கூட வரும் ஜனங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்குப் போடுவார்கள். தலை நனைய முழுகியவர்கள், மணலிலேயே நின்றுவிட்டவர்கள் என்று இரண்டு தரப்பிலும் ஆட்களிடம் விஷயத்தைச் சொல்லி, சம்மதம் கேட்டு, விலாசம் வாங்கினேன். ஒரு வாரம் கழித்து வீடு வீடாகப் போய், வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல், காது வலி ஏதாவது வந்ததா என்று கேட்க வேண்டும். இரண்டு தரப்புக்கும் உள்ள வித்தியாசம்தான் என் ஆய்வின் முடிவு.

ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லையாம். அரியாங்குப்பத்தில், மகனோடு சேர்ந்து முழுகியிருந்த ஒரு அம்மா உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டு, "சாமி எறங்குன தண்ணி. அதுல போயி யாருக்கு என்னா வரும்? நீ வேற, பாப்பா" என்றார். நான் இருந்த நேரம் முழுக்க உள்ளே யாரோ கழிப்பறைக் கதவைத் திறப்பதும் சாத்துவதுமாக இருந்தார்கள். அதையும் கேட்டுவிட்டேன். "என் மவன்தான். கடையில பரோட்டா தின்னுட்டு வந்தான்" என்றார்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் நல்லவர், ஆனால் அவசரக்காரர். "நோயே இல்லாம நோய் ஆபத்துன்னு எப்படிம்மா எழுதுவ? ஆளுங்கள விட்டுடு. தண்ணியில என்ன இருக்குதுன்னு மட்டும் எழுதி முடி" என்றார். தலைப்பையே மாற்றச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. தண்ணீரில் இருப்பது யாரை என்ன செய்கிறது என்று தெரியாமல் பட்டம் வாங்கி நான் என்ன செய்ய? "ஒரு வாரம் குடுங்க சார்" என்றேன். கையில் எந்த யோசனையும் இல்லை, வீம்புதான் இருந்தது.

மூலக்குளத்தில் வீட்டுக்கு வந்தால், அம்மா அடுப்படியில் நின்றபடியே கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் கஞ்சி என்றால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

"என்னா கஞ்சி?"

"சும்மாதான். வெயிலுக்கு நல்லது."

பக்கத்தில் ஓமப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. நான் விடவில்லை. கடைசியில் சொன்னாள். மகத்தன்று எனக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரர்களோடு போய் முழுகியிருக்கிறாள். அதற்கு அப்புறம் வயிறு சரியில்லை.

"தெனம் அந்தத் தண்ணியப் பத்திதானே வீட்ல பொலம்பறேன். அதுலயே போயி முழுகுனியா?"

"உன் படிப்பு முடியணும்னு வேண்டிக்கிட்டுதான்டி முழுகுனேன். அதுலயே ஒடம்புக்கு வந்துடுச்சின்னு என் வாயால சொன்னா வேண்டுதல் என்னாவறது?"

திட்டத்தான் வாயெடுத்தேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அரியாங்குப்பத்து அம்மாவும் யாருக்காகவோ முழுகியிருப்பார். நோய் வந்ததா என்று நான் கேட்டதை, சாமி கைவிட்டுவிட்டதா என்று கேட்டதாகத்தான் அவர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு யார் ஆமாம் என்பார்கள்?

மறுநாள் காலையிலேயே கிளம்பினேன். அதே வீடுகள். கேள்விகளை மட்டும் மாற்றினேன். மகத்துக்கு அப்புறம் வீட்டில் கஞ்சி வைத்தீர்களா, யாருக்கு வைத்தீர்கள், யார் காதுக்காவது எண்ணெய் காய்ச்சி ஊற்றினீர்களா, வேலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகாமல் யாராவது படுத்தார்களா? கேட்டதும் பெண்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள். மோர் கொடுத்த அம்மா, "ஆமா பாப்பா, என் மவனுக்கு மகம் முடிஞ்சதுலேர்ந்து கஞ்சிதான்" என்றார். பரோட்டா அவருக்கு மறந்தே போயிருந்தது. மணலில் நின்றவர்களின் வீடுகளிலும் ஒரு வார்த்தை மாற்றாமல் அதையே கேட்டேன்.

"கஞ்சி குடிச்சத நோய்னு எவன்மா ஒத்துக்குவான்? வெயிலுக்குக்கூடக் குடிப்பாங்க" என்றார் வழிகாட்டி.

"மணல்ல நின்னவங்களுக்கும் அதே வெயில்தானே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த வருடமும் இதே மாதிரி கேட்டுப் பார்க்கச் சொன்னார். கேட்டேன். இரண்டு வருடமும், முழுகியவர்களின் வீடுகளில்தான் கஞ்சி அதிகமாகக் கொதித்திருந்தது. தலைப்பு மாறவில்லை. அம்மாவை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. பெற்றவளைச் சேர்த்துக்கொண்டு ஆய்வு என்று சொல்ல முடியாது.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் கடைசியாக ஒன்று கேட்டார். "நோய் வருதுன்னு காட்டிட்டீங்க. அப்ப ஜனங்கள முழுக வேணாம்னு சொல்லிடலாமா?"

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தமிழில் கேட்டதால் அவளுக்கும் புரிந்திருக்கும்.

"அவங்க தங்களுக்காக மட்டும் முழுகல சார், வீட்ல இருக்கறவங்களுக்காக முழுகறாங்க. அத நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வராது. சாக்கடைத் தண்ணி அங்க வந்து கலக்கறத நிறுத்தணும்னுதான் கடைசி அத்தியாயத்துல எழுதியிருக்கேன்."

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாஸுதானே?"

"பாஸுதான்."

"அப்ப வர்ற மகத்துக்கு நான் போவணும். நீ பாஸ் பண்ணிட்டா திரும்ப வந்து முழுகறேன்னு வேண்டிக்கிட்டிருக்கேன்."

சாக்கடை அப்போதும் அதே இடத்தில்தான் கடலில் கலந்துகொண்டிருந்தது. பட்டத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். இனிமேல்தான் ஒவ்வொரு ஆபீஸாக அந்தக் கடைசி அத்தியாயத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும், அதுவும் அடுத்த மாசிக்குள்.

"அதுக்குள்ள சாக்கடைய நிறுத்தலன்னா, வாய இறுக்க மூடிக்கிட்டு முழுகு" என்றேன்.