சமையலறைச் சுவரில் இரண்டடி ஓட்டை

புது வீடு கட்டுகிற கொத்தனாருக்கு மரியாதை. குடியிருக்கிற வீட்டில் சுவரை உடைக்கப் போகிறவனுக்குத் திட்டுதான். கொத்துக்கரண்டி பிடித்த அண்ணன் தம்பிகளே, உங்களுக்குத் தெரியாததா? உத்திரமேரூரில் நான் தனியாக ஒப்புக்கொண்ட முதல் வேலையே இதுதான். தொண்ணூறுகளின் கடைசி, வீட்டுக்கு வீடு டிவி தொடர் ஓடிய சமயம். வேலை கொடுத்த வசந்தா அக்காவுக்கு அடுப்படியில் நின்றபடியே கூடத்து டிவி தெரிய வேண்டும். அதற்கு நடுச்சுவரில் இரண்டடிக்கு இரண்டடி திறப்பு. சொதப்பினால் பழையபடி இன்னொருவருக்குக் கலவை குழைக்கப் போக வேண்டியதுதான்.

வாத்தியார் கேட்ட உத்தரவாதம்

அக்காவின் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். மேல்தளம் இறங்கிவிடாதல்லவா என்று மூன்று முறை கேட்டார். இது நாலரை இஞ்ச் தடுப்புச் சுவர், தளம் போட்ட பிறகு எழுப்பியது, மேல்பாரம் இதன்மேல் இல்லை என்று மூன்று முறையும் சொன்னேன். சுவர் தளத்தைத் தாங்கவில்லை என்பதற்கு, இரண்டுக்கும் நடுவே இருந்த கீறலைக்கூட ஸ்டூல் போட்டுக் காட்டினேன். ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"எல்லாம் சரிப்பா. ஒடைச்சி முடிக்கிற வரைக்கும் உன் பொஞ்சாதிய இட்டாந்து இங்க கீழ ஒக்கார வை. அப்ப நம்பறேன்."

பதின்மூன்றாவது

மறுநாள் சுத்தியலை ஓங்கினேன். "நிறுத்து!" என்றார் வாத்தியார். வீட்டில் வாசலும் ஜன்னலும் சேர்த்துப் பன்னிரண்டு, இரட்டைப்படை. இதோடு பதின்மூன்றாகிவிடும், குடும்பத்துக்கு ஆகாது என்றார். இந்தக் கணக்கில் எந்தக் கொத்தனார் வாதாடி ஜெயித்திருக்கிறான்? அடுப்படியிலிருந்து அக்கா வந்தார். என்னை முதன்முதலில் மேஸ்திரி என்று கூப்பிட்டதும் அவர்தான். அந்தச் சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

"நெலைச்சட்டம் வெச்சாதானே கணக்கு? நீ நெலையே வெக்காத மேஸ்திரி, மொட்டையா வுடு. யாரு கேட்டாலும் ஓட்டைன்னு சொல்லிக்கிறேன்."

ஒரு படி பள்ளம்

கூடத்துப் பக்கம் நின்று, திறப்பின் அடிவிளிம்புக்கு என் நெஞ்சளவில் கோடு போட்டு உடைத்தேன். மேலே கடப்பைக் கல் செருகிப் பூசிவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். சமையலறை ஒரு படி பள்ளம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அக்காவும் குள்ளம். எட்டிப் பார்த்துவிட்டு, "டிவி எங்க கீது மேஸ்திரி? எனக்கு ஃபேன்தான் தெரியுது" என்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது. கீழே மூன்று வரிசைச் செங்கல்லை எடுத்தேன். இப்போது டிவி முழுசாகத் தெரிந்தது. அதற்கு முன்னால் சாய்வு நாற்காலியில் வாத்தியாரும் முழுசாகத் தெரிந்தார். அக்கா ஒரு தட்டு வெங்காயத்தைத் திறப்பு வழியாக நீட்டினார்.

"இன்னாங்க, சும்மாதானே ஒக்காந்துகினு கீறீங்க? டிவி பாத்துகினே இத்த உரிச்சிக் குடுங்க."

எதிர்வீட்டுக்காரர்

ஒரே வாரத்தில் அதே தெருவில் ஐந்து வீட்டு அக்காக்கள் சொல்லி அனுப்பினார்கள். முதல் அழைப்பு எதிர்வீட்டிலிருந்து. அந்த வீட்டுக்காரர் டீக்கடையில் என்னை மடக்கி, தனக்குச் சொன்ன டீயை என் கையில் கொடுத்தார்.

"உன் கையப் புடிச்சிக் கேக்கறேன்பா. எங்க வூட்டுது மட்டும் பாரம் தாங்கற சுவருன்னு சொல்லிடு."

தடுப்புச் சுவரைப் பாரச் சுவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் அந்தத் தெருவில் என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்ததெல்லாம் பெண்கள், பார்த்து முறைத்ததெல்லாம் ஆண்கள்.