பதினான்கு பாகை

அந்தச் சின்ன விமானத் தளத்தில் அவளுக்கு ‘வடக்கக்கா’ என்று பெயர். அவளைவிடப் பதினைந்து வயது மூத்த மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். நான்கு பேர் உட்காரும் சின்ன விமானங்களின் மின்னணுத் திசைகாட்டியைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அவள் கையெழுத்து இல்லாத சரிபார்ப்பு அட்டையை மாட்டிக்கொண்டு அங்கே ஒரு விமானமும் கிளம்பாது. அந்தக் கையெழுத்துப் போடும் உரிமையை வாங்க மூன்று முறை தேர்வு எழுதியவள். மூன்றாவது முறை தேறியபோது எட்டு மாதக் கர்ப்பிணி.

வேலை கேட்பதற்குச் சுலபம்தான். கொட்டகையின் இரும்புக் கூரை தொந்தரவு செய்யாத தூரத்தில், தரையில் பெரிய வட்டம் ஒன்று வரைந்திருக்கும். விமானத்தை அதன்மேல் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, முப்பது பாகைக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்துவார். விமானத்தின் இரும்பில் எவ்வளவு காந்தம் இருக்கிறது என்று கருவி அப்போது கற்றுக்கொண்டு, அதைக் கழித்துவிட்டு உண்மையான வடக்கைக் காட்டும். ஆனால் அதற்குச் சூதுவாது தெரியாது. அந்த நேரம் பக்கத்தில் எந்தக் காந்தம் இருந்தாலும் அதையும் விமானத்தோடு சேர்த்துக் கழித்துவிடும்.

அதனால் வடக்கக்காவிடம் ஒரு பிளாஸ்டிக் வாளி உண்டு. ஏறுகிறவர் போன், சாவி, கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். ஒருமுறை மேனேஜர் ஒரு கையால் பேன்டைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அதைப் பார்த்து அன்று முழுக்கத் தளமே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

உள்ளே உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறவன் அவள் தம்பி. படிப்பு ஏறாமல் வீட்டில் சும்மா இருந்தவனை மேனேஜரின் கையைக் காலைப் பிடித்து வேலையில் சேர்த்தவள் அவள்தான். எல்லோருடைய பையையும் துழாவுவாள், அவனுடையதை மட்டும் பார்க்க மாட்டாள். கூடப் பிறந்தவனைச் சோதனை போடுவதா என்று ஒரு கூச்சம்.

பயிற்சிப் பள்ளியின் வெள்ளை விமானத்தை ஒரு திங்கட்கிழமை இருவரும் சரிபார்த்தார்கள். வியாழக்கிழமை காலை ஒரு மாணவி அதைத் தனியாக ஓட்டிப் போனாள். வழிகாட்டும் திரையை மூடிவைத்துவிட்டுத் திசைகாட்டியை மட்டும் நம்பி ஓட்டும் பயிற்சி. கீழே புகைமூட்டம். ஒரு மணி நேரம் நேராகத்தான் போகிறோம் என்று நம்பி எங்கேயோ போய், எரிபொருள் தீர்ந்து, உழுத நிலத்தில் இறங்கினாள். உயிர் தப்பியது. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

விமானத்தை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்ததும் வடக்கக்கா பரிசோதித்தாள். கருவியில் கோளாறு இல்லை, ஆனால் பதினான்கு பாகை தப்பு காட்டியது. திங்கட்கிழமை உள்ளே இருந்த ஏதோ ஒன்று இப்போது இல்லை. அது எது என்பதுதான் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கேட்டாள்.

“அன்னைக்கு உள்ள ஏதாவது வச்சிருந்தியாடா? உண்மையைச் சொல்லு.”

“என்னையே சந்தேகப்படறியா அக்கா?” அவன் கண் கலங்கிவிட்டது.

அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. “மன்னிச்சுக்கோடா, பைத்தியம் மாதிரி கேட்டுட்டேன்” என்று அவன் தோளைத் தடவிக் கொடுத்தாள். இந்த ஒரு காட்சியை நினைத்தால் இதைச் சொல்லும் எனக்கே இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

விபத்து நடந்த பத்தாம் நாள் அம்மா போனில் வாய் தவறிச் சொன்னாள்: “அவன் என்ன வேணும்னா அந்த ஸ்பீக்கரை வச்சான்?”

“எந்த ஸ்பீக்கர்?”

அம்மா வாயிலிருந்து எல்லாம் வந்தது. புதிதாக வாங்கிய ஸ்பீக்கர் வெயிலில் காயக் கூடாதென்று சீட்டுக்குப் பின்னால், வால் பக்கம் வைத்திருக்கிறான். ஸ்பீக்கருக்குள் காந்தம் உண்டு; காந்தத்தை உணரும் பெட்டியும் அங்கேதான் இருக்கிறது. அன்று சாயங்காலம் பஸ்ஸில், மடியில் ஸ்பீக்கரோடு போகும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. வியாழன் வரை முழுசாக இரண்டு நாள் கையில் இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

“சொன்னா நீ கத்துவேன்னு பயந்துட்டான்டி. உன் அனுபவத்துக்கு ஏதோ திட்டிட்டு விட்டுடுவாங்க. அவனுக்குன்னா வேலையே போயிடும். நீதான் பெரியவ, கொஞ்சம் பொறுத்துக்கோயேன்.”

திட்டிவிட்டு விடமாட்டார்கள். கையெழுத்து உரிமையைப் பிடுங்கிவிடுவார்கள், திரும்பக் கிடைக்காது. அது அம்மாவுக்குத் தெரியாது. தம்பிக்கு நன்றாகத் தெரியும். அம்மாவும் தம்பியும் சேர்ந்து பத்து நாள் தன்னை முட்டாளாக வைத்திருந்ததுதான் அவளை அறுத்தது. ஆனாலும் அழுது தீர்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தாள். அவன் பையைப் பார்க்காதது தன் தவறு. போகட்டும், ஒரே தம்பி.

விசாரணை அதிகாரியிடம், ‘சோதனையில் கவனக்குறைவு, முழுப் பொறுப்பும் என்னுடையது’ என்று எழுதிக் கொடுத்தாள். ஸ்பீக்கர் என்ற சொல்லே அதில் இல்லை. அதிகாரி படித்துவிட்டு ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

“இது உங்க உதவியாளர் கொடுத்தது. படிச்சேன்னு கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க. வழக்கமான நடைமுறைதான்.”

தம்பியின் குண்டு குண்டான எழுத்து. ‘அன்று வாளியே வேண்டாம், நேரமாகிறது என்று அக்கா சொல்லிவிட்டார். மேலும், அவர் சமீப காலமாகவே சோதிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்.’

அவள் தேதியைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை. விமானம் விழுந்த மறுநாள். அதற்கும் இரண்டு நாள் கழித்துத்தான் அவனிடம் அவள் மன்னிப்புக் கேட்டிருந்தாள்.

“என்னம்மா, தப்பா ஏதாவது எழுதியிருக்காரா?” என்றார் அதிகாரி.

“என் தாளைக் கொடுங்க சார். வேற எழுதணும்.”

திங்கட்கிழமை நடந்ததை ஒன்று விடாமல் எழுதினாள். அவன் பையைத் தான் சோதிக்காததையும் எழுதினாள். ஸ்பீக்கரை யார் வைத்தது என்ற இடம் வந்தபோது பேனா சற்று நின்றது. ‘என் தம்பி’ என்று எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே ‘பொத்தானை அழுத்தியவர்’ என்று எழுதிக் கொடுத்தாள்.