அப்பா காதால் வாங்கிய லேப்டாப்

உப்பளத்தில் வேலை செய்யும் எங்கள் அப்பா அக்காவுக்கு லேப்டாப் வாங்கப் போகிறார் என்று தெருவில் தெரிந்ததும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒருவர்கூட அதை அப்பாவிடம் சொல்லவில்லை. அப்பா ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். செல்போனில் பச்சைப் பொத்தான் தெரியும், சிவப்புப் பொத்தான் தெரியும். அதற்கு மேல் அந்தக் கருவியோடு அவர் உறவு வைத்துக்கொண்டதில்லை.

அக்கா அந்த வருஷம்தான் புதுச்சேரியில் பி.சி.ஏ. சேர்ந்திருந்தாள். மரக்காணத்திலிருந்து காலையில் பஸ் ஏறினால் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். வகுப்பில் சார்ஜ் போடும் இடத்துக்கு அடிதடி. வீட்டிலோ காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே கரண்ட் போய்விடும். அதனால் அவளுக்கு நாள் முழுக்க நிற்கிற பேட்டரி வேண்டும். எனக்கு அப்போது பத்து வயது. எனக்குக் கார் ரேஸ் வேண்டும். இரண்டும் ஒரே லேப்டாப்பில் நடக்காது என்றாள் அக்கா. கேம் நன்றாக ஓடுகிற லேப்டாப் மத்தியானத்துக்குள் அணைந்துவிடுமாம், நாள் முழுக்க நிற்பதில் கேம் திக்கித் திக்கித்தான் ஓடுமாம். இதில் நானும் அவளும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

"வாங்கப் போறது ஒண்ணுதான், ரெண்டு பேருக்கும் ஆவணும்" என்றார் அப்பா. "ஆவாதுன்னா கடைக்காரன் சொல்லட்டும். நீங்களே சொல்லிக்காதீங்க."

மழை பிடித்து உப்பளத்தில் வேலை நின்றிருந்த ஒரு நாள், மூவரும் புதுச்சேரிக்குப் போனோம். ஏசி போட்ட கடை. அப்பா செருப்பைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு வந்தார். அக்கா கூச்சத்தில் போய் எடுத்து வந்து மறுபடியும் போட வைத்தாள்.

கடைப் பையன் முதலில் காட்டியது கேமிங் லேப்டாப். கீபோர்டுக்கு அடியில் சிவப்பு வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதன் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"கலர் பாருங்கண்ணே, எப்படி இருக்குது" என்றான் பையன்.

"கலரைப் பாப்பா பாக்கட்டும்" என்று என்னைக் காட்டினார் அப்பா. "நீ அந்தச் சார்ஜரைப் புடுங்கிட்டு ஓட்டு தம்பி."

"டெமோதாண்ணே. பிளக்குலயே இருக்கட்டுமே."

"எங்க ஊட்ல பிளக்கு இருக்குது. கரண்ட்டு தான் இருக்காது."

பையன் சிரித்துக்கொண்டே வயரைப் பிடுங்கினான். என்னைக் கேம் ஆடச் சொல்லிவிட்டு, அப்பா குனிந்து கீபோர்டின் ஓரமாகக் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா தரையைப் பார்த்தாள். உள்ளே ஃபேன் மிக்ஸி மாதிரி இரைந்தது. அப்பா அடியில் கையை நுழைத்தார். உப்பு தின்று மரத்துப்போன உள்ளங்கையை விட்டுவிட்டுப் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"கொதிக்குது. இவ்ளோ கத்துறது தீனியும் இவ்ளோ தின்னும். எவ்ளோ கொறைஞ்சிருக்குது, பாரும்மா."

கால் மணி நேரத்தில் பதினெட்டு சதவீதம் போயிருந்தது. அக்கா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

அடுத்தது இருந்ததிலேயே விலை குறைந்தது. மெல்லிசு, ஃபேன் சத்தமே இல்லை. நான் கேமைத் தொடங்கி முதல் வளைவுகூடத் திரும்பவில்லை, அப்பா தலையாட்டிவிட்டார். "வண்டிச் சத்தம் அறுந்து அறுந்து வருது. இது இழுக்காது." அவர் சொன்ன பிறகுதான் கார் நின்று நின்று தாவுவதை நான் கவனித்தேன். கேம் என்றால் என்னவென்றே தெரியாத மனிதர், ஆடுகிற எனக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டார்.

மூன்றாவது, மூலையில் வைத்திருந்த ஒரு சாம்பல் நிற லேப்டாப். விளக்கு, அலங்காரம் ஒன்றும் கிடையாது. "இதுல தனி கிராபிக்ஸ் கார்டு இல்லண்ணே. பெரிய கேம் ஓடாது, சின்னச் சின்னது ஓடும். ரேம் எட்டு ஜிபி" என்றான் பையன். அக்கா செட்டிங்ஸில் படத்தின் தரத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தாள். கார் வழுக்கிக்கொண்டு போனது. அப்பா வெகுநேரம் காதை எடுக்கவில்லை.

"மூச்சு சீரா இருக்குது" என்றார். புறங்கையை வைத்துப் பார்த்தார். "சூடும் அளவாத்தான் இருக்குது. பெரியவளே, இப்ப நீ படிக்கிற மாதிரி ஒரு மணி நேரம் ஓட்டு. நாங்க உக்காந்திருக்கோம்."

உட்கார்ந்திருந்தோம். அக்கா வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு எதையோ டைப் செய்தாள். ஒரு மணி நேரத்தில் பதினொரு சதவீதம்தான் இறங்கியது. எட்டு மணி நேரத்துக்கு மேலேயே நிற்கும் என்று அவள் கணக்குப் போட்டுச் சொன்னாள்.

அதற்குள் கடைப் பையன் அப்பா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தான். "எந்த கம்பெனில சர்வீஸ் பாக்குறீங்கண்ணே?"

"உப்பளத்துல, தம்பி."

அவன் நம்பினதாகத் தெரியவில்லை. மகனோடு வந்திருந்த பேன்ட் சட்டைக்காரர் ஒருவர் தாங்கள் எடுத்திருந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "கொஞ்சம் இதையும் கேட்டுச் சொல்லுங்களேன்." அப்பா அதே மாதிரி கண்ணை மூடிக் கேட்டார். எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவர் எடுத்துக்கொண்டார். எங்கள் அப்பாவை ஒரு டாக்டரைப் பார்ப்பதுபோல் நாலு பேர் பார்த்து நின்றதை அன்றுதான் கண்டேன். அந்தச் சாம்பல் நிற லேப்டாப்போடு ஊர் திரும்பும்போது, வழியில் அனுமந்தை தாண்டும்வரை பஸ்ஸில் நான் அவர் கையை விடவே இல்லை.

அந்த மழைக்காலம் முழுக்க, அக்கா எழுதி முடித்ததும் அரை மணி நேரம் லேப்டாப் என்னுடையது. அப்பா பக்கத்தில் வந்து குந்திக்கொள்வார். "என்னா நடக்குதுன்னு சொல்லிக்கிட்டே ஓட்டு பாப்பா" என்பார். நான் சொல்லுவேன். வளைவு வருது, லாரி வருது, முந்திட்டேன், பாலம் வருது. அவர் முகம் மலர்ந்துகொண்டே போகும்.

அடுத்த வருஷம் ஊரில் கண் முகாம் போட்டார்கள். அக்காதான் அவரைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனாள். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது, இரண்டு வருஷமாவது இவருக்கு எல்லாமே புகைக்குள் தெரிந்த மாதிரிதான் இருந்திருக்கும் என்றார் டாக்டர். தெரிந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து அப்பா யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்றைக்கும் வேலைக்குப் போகிறார்.

ஆனால் அந்த மழைக்காலத்தில் எனக்கு இதெல்லாம் தெரியாது. திரையைப் பார்க்காமல் என் முகத்தின் பக்கமே திரும்பி உட்கார்ந்திருப்பார். "இங்க பாருங்கப்பா" என்று கோபித்துக்கொள்வேன். "நீ சொல்லு, எனக்குத் தெரியுது" என்பார். எங்கள் அப்பாவுக்குக் கார் ரேஸ் என்றால் உயிர், நான் ஒரு நாள் ஆடாவிட்டாலும் அவருக்குத் தூக்கம் வராது என்று வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.