நைனாவின் கஷாயம்
பாகாலா ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நைனாவுக்கு அல்சைமர் வந்த பிறகு, அவரையும் அம்மாவையும் சித்தூரிலிருந்து திருப்பதி டாக்டரிடம் மாதம் ஒருமுறை கூட்டிப்போவேன். போன மாதம் அம்மா, இது ஏன்தான் வருகிறது என்று கேட்கச் சொன்னாள். டாக்டர் பாதி தெலுங்கிலும் பாதி இங்கிலீஷிலும் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். மூளையில் குப்பையை அகற்றும் நோய் எதிர்ப்புச் செல்கள் இருக்கின்றன. சிலருக்கு அவை ஓயாமல் வேலை செய்து நல்ல நரம்புகளையும் கெடுத்துவிடலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறார்கள்.

அம்மாவின் முகம் வெளிறியது. கொரோனா காலத்திலிருந்து, எதிர்ப்பு சக்திக்கென்று நைனாவுக்குத் தினமும் மிளகுக் கஷாயம் கொடுத்துவருகிறாள். அவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிப்பார்.

"நான்தான் சக்தியை ஏத்தி ஏத்தி இப்படிப் பண்ணிட்டேனா? கேளுடா."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கஷாயத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, தாராளமாகக் கொடுக்கலாம் என்றார். அதுவரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த நைனா திரும்பினார்.

"கஷாயம் வேணாம்னு சொல்றாரு," என்றார்.

மறுநாள் காலையில் என்னை யாரென்று கேட்டவர், அம்மா நீட்டிய டம்ளரைக் கண்டதும், "டாக்டரே வேணான்னாரு, மறந்துட்டியா?" என்றார்.

அம்மா வாதாடவில்லை. "நேத்து நடந்ததை ஞாபகம் வச்சிக்கினு கீறாரு, பாரு," என்று என்னிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, அவருக்குக் காபி போடப் போனாள்.